கை மறக்காத தவறுகள்

சிறுவயதில் பழகிய தொழில் கையை விட்டுப் போகாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. 38 ஆண்டுகள் கழித்து மீண்டும் உளியைக் கையில் எடுத்த பிறகு, அது பாதி உண்மை என்றே சொல்வேன். உளியைப் பிடிக்கும் விதத்தை என் கை மறக்கவில்லை. அதேபோல் பதினான்கு வயதில் செய்த தவறுகளில் ஒன்றையும் மறக்காமல் பத்திரமாக வைத்திருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது, எங்களவர் பழக்கத்தில் மோல்மீன் என்றே சொல்லும், பர்மாவின் மாவ்லமியைன் நகரம். ஒரு காலத்தில் சல்வீன் ஆற்று வழியாக மிதந்து வந்த தேக்குக் கட்டைகள் ஏற்றுமதியான துறைமுகம் என்பதால், மரத்தோடு தொடர்பில்லாத குடும்பம் ஊரில் குறைவு. எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் ஆசாரி பட்டறை வைத்திருந்தார். 1964க்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிய அவருடைய தம்பி விட்டுச்சென்ற உளிப்பெட்டியும் அவரிடமே இருந்தது. 1972 முதல் நான்கு ஆண்டுகள், பள்ளி விட்டதும் அங்கேதான் கிடப்பேன். அவரை ஆசாரித் தாத்தா என்று அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். 1980இல் படகில் ஆற்றைக் கடந்து மொட்டமாவில் ரயிலேறி ரங்கூனுக்குப் போனேன். அங்கே பயறு வகைகள் வாங்கி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் முதலில் கணக்கெழுதினேன். பிறகு கிடங்கில் உளுந்தையும் துவரையையும் தரம் பார்த்தேன். 2018இல் ஓய்வு பெற்றுப் பாலத்தின் வழியாக ஊர் திரும்பியபோது, ஆசாரியும் இல்லை, பட்டறையும் இல்லை. அவருடைய பேரன் எனக்கென்று எடுத்து வைத்திருந்த நான்கு உளிகளும் ஓர் இழைப்புளியும் மட்டும் கிடைத்தன.

முதல் வேலையாக ஒரு சிறிய முக்காலி செய்யலாம் என்று தொடங்கினேன். மூன்று நாளில் தோளும் மணிக்கட்டும் வீங்கிவிட்டன. இழைப்புளி பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு போனது, இல்லாவிட்டால் நாரைப் பிய்த்துக்கொண்டு நின்றது. வயதாகிவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு என்பது புரியச் சில வாரங்கள் ஆயின. ஆசாரித் தாத்தா கருவிகளைத் தீட்டும் வேலையை என்னிடம் ஒருநாளும் கொடுத்ததில்லை. சிறுவன் கை பட்டால் கல்லில் பள்ளம் விழும் என்று, விடியற்காலையில் எல்லா உளிகளையும் தாமே தீட்டி வைத்துவிடுவார். நான் மாலையில் போகும்போது கூரான கருவி தயாராகக் காத்திருக்கும். அந்த நான்கு ஆண்டுகளில் நான் கற்றது வெட்டுவதை மட்டுமே. வெட்டுவதற்கு முன் அவர் செய்து முடித்திருந்த எதையும் கற்கவில்லை. எந்தப் பலகையை எடுப்பது, எதை ஒதுக்குவது, எதை இன்னும் ஓராண்டு பரண்மேல் போட்டு வைப்பது என்பதையெல்லாம் நான் வருவதற்கு முன்பே அவர் தீர்த்து வைத்திருந்தார். தொழிலின் பெரும்பகுதி அந்தப் பகுதிதான் என்பது ஐம்பத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே தீட்டுவதிலிருந்து தொடங்கினேன். தேக்கில் மணலின் இனமான சிலிக்கா கலந்திருக்கிறது. தொட்டால் எண்ணெய்ப் பசையோடு மென்மையாகத் தோன்றும் அந்த மரம், கூர்முனையை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பிற மரங்களில் ஒரு பொழுது தாங்கும் கூர், தேக்கில் அரை மணி நேரத்தில் மழுங்குவதுண்டு. இதற்கு நான் கண்ட வழி, உளியின் சாய்முகத்தை 25 பாகையில் வைக்காமல் 30 பாகையில் வைப்பது. பாகைமானி தேவையில்லை, சாய்முகத்தின் நீளம் உளித் தகட்டின் தடிப்பைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை. முதலில் தகட்டின் பின்பக்கத்தின் நுனியைக் கண்ணாடிபோல் தட்டையாக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான், நானும் தவறவிட்டேன். பிறகு சாய்முகத்தை 1000ஆம் எண் தீட்டுக்கல்லில் தேய்த்து, நுனியின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் ஒன்று விரலுக்குத் தட்டுப்படும்வரை விடக்கூடாது. பிசிர் வராமல் அடுத்த கல்லுக்குப் போனால், எத்தனை நேரம் மெருகேற்றினாலும் கூர் வராது. அதைவிட நுண்ணிய 6000ஆம் எண் கல்லில் பிசிரை எடுத்த பின், ரப்பர் மரத் துண்டு ஒன்றின் வெட்டுமுனையைச் சீவிப் பார்ப்பேன். பொடியாக உதிராமல் பளபளப்பாகச் சீவினால் போதும். கையின் முடியை மழித்துக் காட்டும் வித்தையெல்லாம் பக்கத்தில் நிற்பவர்களுக்காகச் செய்வது.

கல்லில் பள்ளம் விழுவதைப் பற்றி ஆசாரி கவலைப்பட்டது நியாயமே. நீர் விட்டுத் தீட்டும் கற்கள் விரைவில் நடுவில் குழிகின்றன. குழிந்த கல்லில் நேரான கூர் வராது. தடித்த கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, கல்லின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் எல்லாம் அழியும்வரை கல்லைத் தேய்த்து மட்டப்படுத்துகிறேன். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதைச் சோம்பலில் தள்ளிப்போட்ட ஒவ்வொரு முறையும் அரைநாள் வேலை வீணாயிற்று.

இரண்டாவது சிக்கல் உடம்பு. ஆசாரி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துளையிடுவார். அவருடைய பாதமே பட்டறையின் பிடிகருவி. எனக்குத் தெரிந்த முறையும் அது ஒன்றே. ஆனால் முப்பத்தெட்டு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்த முழங்கால் அதற்கு இணங்கவில்லை. மனத்தாங்கலோடுதான் ஒரு மேசையைச் செய்துகொண்டேன். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரம் இழைப்பதற்குப் பொருந்துகிறது. உடம்பின் பாரமே கருவியைத் தள்ளுகிறது, தோள் தள்ள வேண்டியதில்லை. அதே உயரத்தில் குனிந்து, துளைக்குள் செருகும் முனையான கழுந்தை அறுத்தால் இடுப்பு போய்விடும். அதற்காக மேசையின்மேல் வைத்துக்கொள்ள ஒரு சாண் உயரப் பெட்டி ஒன்றைச் செய்தேன்.

தள்ளி அறுக்கும் வாளை விட்டு, இழுத்து அறுக்கும் ஜப்பானிய வாளுக்கு மாறினேன். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் கடைகள் இங்கே நிறைய உண்டு. அவற்றில் பொறுமையாகத் தேடினால் நல்ல கருவிகள் கிடைக்கும். இழுக்கும்போது தகடு வளையாது என்பதால் அதை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய தகடு குறைந்த மரத்தைத் தின்பதால் தோளுக்கு வேலை குறைகிறது. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் கைக்கருவி போதும் என்ற முடிவுக்கு வர எனக்கு அதிக நாள் ஆகவில்லை. கண்ணுக்கும் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. பென்சில் கோடு மங்கலாகத் தெரிவதால், கத்தி முனையால் கோடு கீறி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்கிறேன். கீறலின் நிழல் தெளிவாகத் தெரியும். கண் பிசகினாலும் உளியின் முனை தானாகக் கீறலில் போய் அமரும்.

மரம் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட காலம் இந்நாட்டில் தேக்கு எங்கே நின்றாலும் அரசுக்கே உரியதாக இருந்தது. பதப்படுத்தாத கட்டைகளின் ஏற்றுமதியும் 2014 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. புதுத் தேக்கை நான் தேடிப் போவதில்லை. இடிக்கப்படும் பழைய மரவீடுகளின் விட்டமும் படிக்கட்டுப் பலகையும் எனக்குப் போதும். அந்த மரத்தில் ஆணி உண்டு. முதல் மாதத்திலேயே, சாயத்துக்கு அடியில் தலை உடைந்து புதைந்திருந்த ஓர் ஆணியில் ஆசாரியின் இழைப்புளி அலகைப் பிளந்துகொண்டு, அன்று முழுவதும் யாரோடும் பேசாமல் இருந்தேன். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பலகையின்மேல் மெல்ல நகர்த்தினால் ஆணி இருக்கும் இடத்தில் கயிறு சாயும். இன்றும் அதைச் செய்யாமல் எந்தப் பழைய மரத்தையும் தொடுவதில்லை.

மலிவு என்று நினைத்துப் பழகுவதற்காக ரப்பர் மரமும் வாங்கினேன். எங்கள் மோன் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் மிகுதி. மருந்தில் ஊறவைக்காத ரப்பர் மரத்தில் செய்த என் முதல் முக்காலி, ஓராண்டுக்குள் குண்டூசித் துளைகளாகப் பொரிந்து, அடியில் மாவுபோல் தூளைக் கொட்டியது. வெட்டிப் பழகவும் கூர் பார்க்கவும் அந்த மரம் போதும். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு, போராக்ஸ் போன்ற மருந்தில் பதப்படுத்தியதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

இனி, என்னை உண்மையிலேயே தலைகுனிய வைத்த விஷயத்துக்கு வருகிறேன். 2019 பங்குனியில், வீட்டுக்கு ஒரு பூஜை அலமாரி செய்து முடித்தேன். நான்கு சட்டங்களைத் துளையும் கழுந்துமாகச் சேர்த்து, உட்புறம் காடி என்னும் நீள்பள்ளம் வெட்டி, 16 அங்குல அகலமுள்ள தேக்குப் பலகையை அதில் இறுக்கமாகச் செருகி, நாற்புறமும் பசை தடவினேன். வீதிகளில் பதாவ் மரங்கள் பூத்து, தண்ணீர்த் திருவிழா வந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் கதவைத் திறந்து மூடிப் பார்த்துப் பாராட்டினார்கள். ஆடியில் ஒரு நள்ளிரவு, துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். காலையில் பார்த்தால் கதவின் சட்டம் ஒரு மூலையில் பிளந்து, கழுந்து வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பக்கத்துத் தெருவில் தச்சு வேலை செய்யும் பர்மியர் ஒருவரை, அவர் என்னைவிட இளையவரானாலும், ஸயா, அதாவது ஆசான், என்றுதான் அழைக்கிறேன். அவர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஊலே (மாமா), இதை எந்த மாதம் செய்தீர்கள்?"

எனக்கு வெட்கமாயிருந்தது. காரணம், ஈரப்பதம் என்பது என் பிழைப்பாகவே இருந்த விஷயம். ஈரம் மிகுந்த உளுந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டால் என்ன ஆகும் என்று கிடங்கில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் செத்த மரம் செத்ததுதான், அதற்கு மழையும் வெயிலும் ஒன்றுதான் என்று எண்ணியிருந்தேன். மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிப் பருக்கும், வறட்சியில் விட்டுச் சுருங்கும். அது நூறாண்டுப் பழைய விட்டத்துக்கும் பொருந்தும். நீளவாக்கில் இந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை. அகலவாக்கில் இருக்கிறது. அதிலும், வளையக் கோடுகள் பலகையின் முகத்தோடு படுத்திருக்குமாறு அறுத்த பலகை, அவை செங்குத்தாக நிற்குமாறு அறுத்த பலகையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அசையும். பிற மரங்களோடு ஒப்பிட்டால் தேக்கு மிகவும் அடக்கமானது. அப்படியும், படுகோட்டுத் தேக்குப் பலகையின் ஈரம் ஒரு சதவீதம் ஏறினால், அகலம் சுமார் 0.19 சதவீதம் கூடுகிறது.

மோல்மீனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. பங்குனியில் சுமார் 11 சதவீத ஈரத்தில் இருந்த என் பலகை ஆடியில் 17 சதவீதத்துக்குப் போயிருக்கும். ஆறு சதவீத ஏற்றத்துக்கு 16 அங்குலப் பலகை ஏறக்குறைய ஒன்றரை நூல் பருக்கும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பருக்கும் மரத்தின் தள்ளலைத் தடுத்து நிறுத்தும் பசையோ ஆணியோ கிடையாது.

இதைக் கண்ணால் பார்த்தால்தான் மனம் நம்பும் என்பதால் கணக்குப்பிள்ளைப் புத்தியைப் பயன்படுத்தினேன். ஒரே பலகையிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி, உடனே இரண்டையும் எடைபோட்டேன். ஒன்றை 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேலான சூட்டில், எடை இனிக் குறையாது என்னும் நிலை வரும்வரை அடுப்பில் காயவைத்து, அதன் வற்றிய எடையைக் கண்டுபிடித்தேன். அந்த விகிதத்தைக் கொண்டு மற்றத் துண்டின் வற்றிய எடை 500 கிராம் என்று கணக்கிட்டு, அதைப் பட்டறையில் தொங்கவிட்டு, மாதந்தோறும் முதல் தேதியில் சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதிவந்தேன். மார்ச்சில் 555 கிராம், ஆகஸ்டில் 584 கிராம். இங்கே பயறுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தானியத்தின் ஈரத்தைச் சொல்லும்போது ஈரத்தோடு கூடிய மொத்த எடையில் எத்தனை பங்கு நீர் என்று கணக்கிடுகிறோம். மரத்துக்கு வற்றிய எடையைக் கொண்டு வகுக்கிறார்கள். 100 கிராம் வற்றிய பொருளில் 20 கிராம் நீர் இருந்தால், தானியக் கணக்கில் அது 16.7 சதவீதம், மரக் கணக்கில் 20 சதவீதம். இந்த வேறுபாடு தெரியாமல் முதல் மூன்று மாதம் நான் எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

கதவை ஸயாவின் மேற்பார்வையில் மறுபடி செய்தேன். காடியை மூன்று நூல் ஆழத்துக்கு வெட்டி, வறட்சிக் காலத்தில் செய்வதால் பலகைக்கு இருபுறமும் ஒவ்வொரு நூல் இடம் விட்டோம். மழைக்காலத்தில் செய்வதாக இருந்தால் அந்த இடைவெளி வேண்டியதில்லை. பலகை அப்போதே பருத்திருக்கும். பலகைக்குப் பசையே கிடையாது. மேலும் கீழும் நடுப்புள்ளியில் மட்டும் ஒரு சொட்டு வைத்தால், பலகை நடுவில் நின்றுகொண்டு இருபுறமும் சமமாக அசையும். மெருகெண்ணெயைப் பலகைக்குப் பூசிய பிறகே சட்டத்தில் செருகினோம். அப்படிச் செய்யாவிட்டால், தை மாதத்தில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் பூசாத வெளிறிய கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். சட்டத்தின் மூட்டுகளுக்குப் பசை உண்டு. தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது என்பதால், புதிதாக இழைத்த முகத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்தவுடன் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். மறுநாள் ஒட்டலாம் என்று வைத்தால் எண்ணெய் மீண்டும் மேலே வந்துவிடும்.

பழைய விட்டத்தைப் பலகையாக அறுக்கும்போதும் இதே ஈரக் கணக்கு வேறு வடிவில் வருகிறது. வெளிப்புறம் காய்ந்திருந்தாலும் உள்மரம் அப்படியிருக்காது. அறுத்தவுடன் பலகை ஓடுபோல் வளைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேண்டிய தடிப்பைவிட இரண்டு நூல் கூடுதலாக அறுத்து, ஒரே அளவுக் குறுக்குச் சட்டங்களை இடையில் கொடுத்து, மேலிருந்து கீழ்வரை அவை ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்குமாறு அட்டி போட்டு, குறைந்தது இரண்டு வாரம் விட்டுவிடுகிறேன். அட்டி போடுவதில் மட்டும் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இழைக்கும்போது இரு முகங்களிலும் சம அளவு எடுக்க வேண்டும் என்பதை மட்டும் ஸயா சொல்லித் தந்தார்.

ஆனால் கணக்கு வேலையிலிருந்து வந்த ஒரு பழக்கம் எனக்குக் கெடுதல் செய்தது. மாதக் கடைசிக்குள் கணக்கை முடிக்கும் மனம், சனிக்கிழமைக்குள் அலமாரியை முடிக்கச் சொன்னது. விரலை உளி கிழித்த இரண்டு முறையும் மாலை ஐந்து மணிக்கு மேல், "இன்னும் ஒரு மூட்டுதானே" என்று உட்கார்ந்தபோது நடந்தவை. இப்போது வெளிச்சம் மங்கும் முன்பே கருவிகளைத் துடைத்து வைத்துவிடுகிறேன். துளையிடும்போது கட்டையைக் கையால் பிடிப்பதில்லை. கட்டையைப் பிடியில் இறுக்கிவிட்டு, இரண்டு கைகளும் உளியின் கூருக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

மெருகு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரக்குக் கரைசலை மழைநாளில் பூசினால் காற்றின் ஈரம் அதில் சிக்கி வெண்மை படரும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் கொடியில் காயப்போட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். இந்நாட்டில் மரப்பாலிலிருந்து எடுக்கும் தித்சி அரக்கு மட்டும் நேர்மாறானது: அது இறுகுவதற்கே ஈரக்காற்று வேண்டும். மோல்மீனுக்கென்றே படைத்தது போன்ற அந்தப் பூச்சைப் பழக ஆசைதான். ஆனால் அதன் பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும் என்பதால், தேக்குத் தூளுக்கே தும்மலும் அரிப்பும் வந்து முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்யும் நான் தள்ளியே நிற்கிறேன்.

இதை எழுதும் இந்த ஆவணியில், பூஜை அலமாரியின் கீழ் இழுப்பறை இறுகிக்கொண்டு பாதிக்கு மேல் வர மறுக்கிறது. திருநீற்றுக் கிண்ணம் அதற்குள் மாட்டிக்கொண்டதால் என் மனைவி ஒரு வாரமாக இழைப்புளியை எடுக்கச் சொல்கிறாள். இப்போது சீவினால் தையில் இழுப்பறை சட்டத்துக்குள் ஆடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அதில் அக்கறையில்லை. உரசும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, பக்கங்களில் கொஞ்சம் மெழுகு தேய்த்திருக்கிறேன். தொங்கும் துண்டு இந்த மாதம் 583 கிராம் காட்டுகிறது. அது 560க்கு இறங்கிய பிறகும் இழுப்பறை உரசினால் அப்போது சீவலாம் என்று நோட்டில் எழுதி வைத்தாயிற்று. புதுக் கிண்ணம் ஒன்றும் வாங்கியாயிற்று.